டிவியில் வரும் அண்டமும் நம் முற்றத்து வானமும் ஒன்றுதானா?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருந்தார். தரம் 10 படிக்கும் மகள், கலக்ஸி (கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்த பெருந்தொகுதி), கருந்துளை, பெருவெடிப்பு என்று வரும் ஆவணப்படங்களை ஒன்று விடாமல் பார்க்கிறாளாம். கரண்ட் போன ஓர் இரவில் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து வானத்தைக் காட்டினால், "இவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். டிவியில் காட்டுவது உண்மையா, கணினியில் செய்த வேலையா, இதைப் பார்ப்பதால் பிள்ளைக்கு ஏதும் பயன் உண்டா என்று அவர் கேட்கிறார்.

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். டிவியில் பார்த்த வானமும் தன் வீட்டுக்கு மேலே இருக்கும் வானமும் ஒன்றுதானா என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள். ஒன்றேதான். பிறகு ஏன் இரண்டும் இப்படி வேறு வேறாகத் தெரிகின்றன என்று சொல்லப் போனால்தான் பதில் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வரி. வன்னியில் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வானம் காட்டப் போனவன். ஆராய்ச்சி செய்யும் வானியலாளன் அல்லன். படம் எடுக்கிறவர்களின் தொழிலும் எனக்கு வெளியிலிருந்து தெரிந்ததுதான்.

நான் முதன்முதலில் கலக்ஸியைப் பார்த்தது ஒரு கறுப்பு வெள்ளை டிவியில். எங்கள் பக்கம் மின்கம்பியே இல்லாத காலம். யாராவது ஜெனரேட்டரும் டெக்கும் கொண்டுவந்து இரவிரவாகப் படம் ஓட்டுவார்கள். அப்படி ஓர் இரவில் இரண்டு சினிமாவுக்கு நடுவில் யாரோ ஒரு கசெட்டைப் போட்டார்கள். அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1980-இல் தந்த 'கொஸ்மொஸ்' தொடரின் ஒரு பகுதி அது. மொத்தம் 13 பகுதி. பாதிக் கூட்டம் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டது. நான் போகவில்லை. அந்தத் திரையில் கலக்ஸி சாம்பல் நிறத்தில், அடுப்பங்கரைப் புகைபோலத் தெரிந்தது. சில வருடம் கழித்து இரவல் பைனாகுலர் ஒன்றில் அன்ட்ரொமீடா கலக்ஸியைத் தேடிப் பிடித்தபோது அதுவும் சாம்பல் புகைதான். எனக்கு ஏமாற்றமே வரவில்லை, டிவியில் வந்த மாதிரியே இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். உங்கள் மகள் பார்த்ததோ ஊதாவும் தங்கமுமாக மின்னுகிற கலக்ஸி. அவள் "இவ்வளவுதானா" என்று கேட்டதில் பிழையே இல்லை.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறத்தைப் பிரித்தறிவது கண்ணின் கூம்புக் கலங்கள். மங்கிய வெளிச்சத்தில் அவை வேலை செய்வதில்லை. இருட்டில் நம்மைக் காப்பாற்றுவது கோல் கலங்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. அப்புறம், கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதில்லை. மாரியில் கூரைத் தண்ணீருக்கு வாளி வைக்கிறோமே, கண்ணும் ஒரு வாளிதான், ஆனால் ஒரு நொடிக்குள் பல தடவை கவிழ்த்து ஊற்றிவிடுகிற வாளி. கமராவை மணிக்கணக்காக, நாட்கணக்காக அப்படியே வைத்திருக்கலாம். 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியை, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு சின்னத் துண்டு வானத்தை நோக்கிப் பத்து நாள் திருப்பி வைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் ஏறத்தாழ 3000 கலக்ஸிகள் வந்தன. வாளியை எடுக்காமல் வைத்ததால் நிரம்பியது.

இங்கே பலரும் தவறாக விளங்கிக்கொள்கிற ஒன்று இருக்கிறது. தொலைநோக்கி பெரிதானால் கலக்ஸியும் பளிச்சென்று தெரியும் என்று நினைப்போம். புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்கு அது சரி. பரந்து கிடக்கும் கலக்ஸிக்குச் சரியில்லை, உருவம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு வெளிச்சமும் பரவி மெலியும். உலகத்திலேயே பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் அன்ட்ரொமீடாவின் பரப்பு வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாகாது. கிட்டப் போனாலும் இதே கதைதான். ஆவணப்படத்தில் விண்கலம் ஒரு கலக்ஸியை நெருங்க நெருங்க அது மின்விளக்குத் தோரணம்போல ஒளிருமே, அது நடக்காது. சந்தேகமிருந்தால் மேலே பாருங்கள்: நாம் ஒரு கலக்ஸிக்கு உள்ளேயே இருக்கிறோம். யூலை மாதத்து இரவில் முற்றத்துக்கு மேலாக வெளிறிப்போய்க் கிடக்கும் அந்தப் பட்டைதான் பால்வீதி. கலக்ஸிக்குள் நின்று பார்த்தாலே அவ்வளவுதான் வெளிச்சம்.

அப்படியானால் அந்த நிறங்கள் பொய்யா? பொய்யில்லை, அவற்றை வேறு விதமாக வாசிக்க வேண்டும். 1995-இல் ஹபிள் எடுத்த, கழுகு நெபுலா என்ற வாயு, தூசு முகிலின் தூண்கள் படம் அநேகமாக எல்லா ஆவணப்படத்திலும் வரும். ஹபிளின் கமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு வடிகட்டியைப் போட்டு, கந்தகம் விடும் ஒளியைத் தனியாக, ஐதரசன் விடுவதைத் தனியாக, ஒட்சிசன் விடுவதைத் தனியாக எடுத்தார்கள். பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று கொடுத்து மூன்றையும் சேர்த்தார்கள். உண்மையில் ஐதரசனின் அந்த ஒளியும் கந்தகத்தினுடையதும் இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. நில அளவை வரைபடத்தில் இரணைமடுக் குளத்தை நல்ல நீலத்தில் போட்டிருப்பார்கள். மாரி வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீர் என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காக வரைபடம் பொய் என்று யாரும் சொல்வதில்லை. குளம் அங்கேதான் இருக்கிறது, கரையும் அப்படித்தான் வளைகிறது. அதுபோல, அந்தத் தூண்களின் உருவம், இடம், எதில் என்ன வாயு இருக்கிறது என்பதெல்லாம் அளந்தவை. நிறம் மட்டும் குறியீடு.

சில படங்களுக்குக் கண்ணால் காணும் நிறம் என்று ஒன்றே கிடையாது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பெரும்பாலும் பார்ப்பது அகச்சிவப்பை. 1999-இல் ஏவிய சந்திரா தொலைநோக்கி பார்ப்பது எக்ஸ் கதிரை. (சந்திரா என்பது சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இறந்த விண்மீன்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, 1983-இல் நோபல் பரிசு வாங்கியவர். ஆவணப்படத்தில் அந்தப் பெயர் அரை நொடியில் ஓடிவிடும். பிள்ளைக்கு நிறுத்திச் சொல்லுங்கள்.)

வரைந்த படங்கள் வேறு வகை. பால்வீதியை வெளியிலிருந்து பார்ப்பதுபோல, நடுவில் மஞ்சளும் சுற்றிச் சுருள் கரங்களுமாக ஒரு படம் வரும். அது கமரா எடுத்த படமல்ல, இருக்கவும் முடியாது. பால்வீதியின் விட்டம் ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு), நாம் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி அதன் தட்டுக்குள்ளேயே இருக்கிறோம். மனிதன் அனுப்பியவற்றில் மிகத் தூரம் போன வோயேஜர் 1, 1977-இல் கிளம்பியும் இன்னும் ஓர் ஒளிநாள் தூர அளவில்தான் நிற்கிறது. முறிகண்டிக் காட்டுக்குள் நிற்கிறவன் காட்டை மேலிருந்து படம் எடுக்கவா முடியும்? மரங்களின் தூரத்தை ஒவ்வொன்றாக அளந்து காட்டின் வரைபடத்தை வரையலாம். அதைத்தான் செய்திருக்கிறார்கள். 2013-இல் ஏவிய கையா விண்கலம் மட்டும் கிட்டத்தட்ட 200 கோடி விண்மீன்களை அளந்திருக்கிறது. நடுவில் ஒரு நீண்ட சட்டம்போல விண்மீன்கள் திரண்டிருப்பது உறுதி. பெரிய கரங்கள் இரண்டா நான்கா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அந்தப் படமோ ஒரு கரத்திலும் தயங்குவதில்லை.

கணினியில் செய்தது என்றாலே ஏமாற்று என்று எடுத்துவிடக் கூடாது. ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் பிரான்சில் ழான் பியர் லுமினே என்பவர், கருந்துளையைச் சுற்றி எரியும் வாயு எப்படித் தெரியும் என்று கணினியில் கணக்குப் போட்டு, வந்த எண்களைப் பார்த்துக் கையால் மைப்புள்ளி வைத்துப் படம் வரைந்தார். நாற்பது வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று, பூமியின் பல இடங்களிலுள்ள றேடியோத் தொலைநோக்கிகளைச் சேர்த்து எடுத்த முதல் கருந்துளைப் படம் வெளிவந்தது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் எம்87 கலக்ஸியின் நடுவில் இருப்பது. நடுவில் இருட்டு, சுற்றிலும் ஒளி வளையம், ஒரு பக்கம் பிரகாசம் கூட. எதிர்பார்த்தது அப்படியே வந்தது. சமன்பாட்டிலிருந்து வரைந்ததும் திரையை அழகாக்க வரைந்ததும் டிவியில் ஒரே மாதிரித் தெரியும் என்பதுதான் தொல்லை.

அழகுக்காகச் சேர்ப்பவை சில எனக்கு எரிச்சல் தருபவை. சிறுகோள் பட்டியில் பாறைகள் நெருக்கியடித்து உருளும், விண்கலம் வளைந்து நெளிந்து போகும். உண்மையில் ஒரு பாறைக்கும் அடுத்ததற்கும் இடையில் சராசரியாகப் பத்து இலட்சம் கிலோமீற்றர் அளவு இடைவெளி. 1970-களின் தொடக்கத்திலிருந்து எத்தனையோ விண்கலங்கள் அந்தப் பட்டியைக் கடந்து போய்விட்டன, ஒன்றும் மோதவில்லை. நெபுலாவுக்குள் மழை முகில்போலத் திரண்டு வரும், அதுவும் இல்லை. ஆய்வுகூடத்தில் பாடுபட்டு உண்டாக்கும் வெற்றிடத்தைவிட அது வெறுமை. வெடிக்கும் விண்மீனுக்கு "டமார்" என்று சத்தம் போடுவார்கள். கலக்ஸி சுழல்வதுபோலக் காட்டுவார்கள். அதனால்தான் ஒருமுறை முள்ளியவளைப் பக்கம் ஒரு பையன் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டு, "சேர், இது ஏன் சுத்தேல்லை?" என்று கேட்டான். சூரியன் பால்வீதியை ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 23 கோடி வருடம் ஆகும் என்றேன். "அப்ப டிவிக்காரருக்கு அவசரம்" என்றான்.

எல்லாவற்றிலும் கூடிய பிழை பெருவெடிப்பைக் காட்டும் விதம். கரிய வெளியில் ஒரு புள்ளி, திடீரென்று வெடிக்கிறது, நெருப்புப் பந்து பரவுகிறது, நாம் தள்ளி நின்று பார்க்கிறோம். தள்ளி நிற்க ஓர் இடம் இருக்கவில்லை. வெளியும் சேர்ந்துதான் விரிந்தது, அது ஓர் இடத்தில் நடந்ததல்ல, எல்லா இடத்திலும் நடந்தது. ஒட்டுசுட்டானிலும்தான். இதை எந்தக் கமராக் கோணத்திலும் காட்ட முடியாது, ஆகவே அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் சான்று மட்டும் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. கமுக மரத்தில் அன்ரனா கட்டித் தூரதர்சனுக்குத் திருப்பித் திருப்பிப் பிடிப்போமே, ஒன்றும் பிடிபடாவிட்டால் திரையில் புள்ளி புள்ளியாக இரையும். அந்த இரைச்சலில் ஒரு சின்னப் பங்கு, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 வருடத்துக்குப் பிறகு கிளம்பிய ஒளியின் மிச்சம்.

சரி, சொல்லும் செய்திகளில் எதை நம்புவது? அண்டம் விரிகிறது, அதன் வயது ஏறத்தாழ 1380 கோடி வருடம், அன்ட்ரொமீடா 25 இலட்சம் ஒளியாண்டு தூரம், விண்மீன்கள் எதனால் ஆனவை என்பனவெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் அளந்து பார்த்தவை. கலக்ஸிகளின் வெளி விளிம்பு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்புக்கு இருக்க வேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்பதும் அளந்ததுதான். அதற்குக் காரணம் இருண்ட பொருள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், ஆனால் அந்தப் பொருள் என்ன என்று யாரும் பிடித்துக் காட்டவில்லை. விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் கண்டார்கள், ஏன் என்பது இன்னும் விளங்கவில்லை. பல அண்டங்கள், வெளியில் குறுக்குவழி போன்ற புழுத்துளை வழியாகப் பயணம் எல்லாம் காகிதத்தில் உள்ள கணக்கு. ஆவணப்படம் இந்த மூன்று வகையையும் ஒரே கம்பீரக் குரலில், ஒரே இசையோடு சொல்லும்.

தமிழ்க் குரல் கொடுக்கும்போது இது இன்னும் மோசமாகிறது என்பது நான் கவனித்தது. நம் மொழியில் ஐயம் வினைமுற்றின் கடைசியில்தான் இருக்கிறது: "மோதலாம்", "இருக்கக்கூடும்". வாயசைவுக்கும் நேரத்துக்கும் வெட்டும்போது முதலில் போவது அந்த வால்தான். "மோதலாம்" என்பது "மோதும்" ஆகிவிடும். இன்னொன்று, மில்லியனும் பில்லியனும் இடம் மாறும்; பில்லியன் என்றால் நூறு கோடி என்று பிள்ளைக்கு மனத்தில் இருக்கட்டும். 'விண்மீன் கூட்டம்' என்ற ஒரே சொல்லை கலக்ஸிக்கும் போடுகிறார்கள், வானத்தில் நாம் கற்பனையில் கோடு போட்டு இணைக்கும் உருவங்களுக்கும் போடுகிறார்கள், உண்மையிலேயே கூட்டமாய்ப் பிறந்த கார்த்திகை மீன்களுக்கும் போடுகிறார்கள். நான் இங்கே கலக்ஸி என்றே எழுதுவது அந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான்.

படம் எந்த வருடத்தது என்றும் பாருங்கள். இந்த "மோதும்" கதையே நல்ல உதாரணம். பால்வீதியும் அன்ட்ரொமீடாவும் ஏறத்தாழ 400 கோடி வருடத்தில் மோதுவது நிச்சயம் என்று 2012-இல் அறிவித்தார்கள். அதன் பிறகு வந்த அநேக ஆவணப்படத்தில் இரண்டு கலக்ஸியும் பின்னிப் பிணைவதை அழகாகக் காட்டினார்கள். கையாவும் ஹபிளும் தந்த அளவுகளைச் சேர்த்து 2025-இல் திரும்பக் கணக்குப் பார்த்தால், அடுத்த 1000 கோடி வருடத்துக்குள் மோதும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று வந்தது. கலக்ஸிகள் மொத்தம் எத்தனை என்பதும் அப்படித்தான். 2016-இல் 2 இலட்சம் கோடி என்றார்கள். புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அங்கிருந்து வானத்தின் இருட்டை அளந்ததும், அவ்வளவு இருக்காது, பல்லாயிரம் கோடி அளவில்தான் இருக்கும் என்று குறைத்தார்கள். நான் மயங்கிப்போய்ப் பார்த்த அந்த 1980 தொடர் வந்தபோது வேறு சூரியன்களைச் சுற்றும் கோள் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. சூரியனைப் போன்ற விண்மீனுக்கு முதலாவது கோள் 1995-இல் தெரியவந்தது, இன்று 6000-க்கு மேல். பழைய படம் என்பதால் தள்ளிவிடச் சொல்லவில்லை. நான் இன்றும் அதைத்தான் திரும்பப் பார்ப்பேன். நமக்கு எப்படித் தெரியும் என்று அது பொறுமையாகச் சொல்கிறது. பின்னால் வந்த பல படங்களில் வெடிப்பு கூடியது, அந்தப் பொறுமை குறைந்தது.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். பரீட்சைப் புள்ளிக்கு நேரடியாகப் பெரிய பயன் இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உயர்தர வகுப்பில் நிறமாலை, ஈர்ப்பு என்று வரும்போது, "இதால என்ன சேர்?" என்று கேட்காத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் இப்படிப் பார்த்துத் திரிந்தவர்கள்தான். பார்க்க விடுங்கள். பக்கத்தில் ஒரு தடவை நீங்களும் இருந்து, ஒவ்வொரு காட்சிக்கும் இது எடுத்ததா, அளந்து நிறம் போட்டதா, கணக்கிட்டதா, சும்மா வரைந்ததா என்று அவளிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் அவளே உங்களைக் கேட்பாள்.

வானத்துக்குத் திரும்பவும் கூட்டிப் போங்கள், ஆனால் நாள் பார்த்து. ஐப்பசி கார்த்திகையில் அன்ட்ரொமீடா நல்ல உயரத்தில் நிற்கும், நமக்குத்தான் மாரி. மழை விட்ட பிறகு, தை அமாவாசையை ஒட்டிய இரவொன்றில் ஏழரை மணிபோலப் போங்கள். போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் இருங்கள். வடமேற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் கிட்டத்தட்டப் பாதி வழியில், பஞ்சுத் துகள்போல ஒன்று தெரியும். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரத்தால் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அதன் முழு அகலம் ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு, நம் கண்ணுக்கு நடு மட்டும்தான் எட்டுகிறது. அந்த ஒளி கிளம்பியபோது நம்மைப்போல மனிதர் யாரும் இருக்கவில்லை.

அப்புறம் ஒன்பது மணிபோலத் தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால், முட்டிக்குச் சற்று மேலே ஒரு வெளிறிய முகில் துண்டு நகராமல் நிற்கும். பெரிய மகெல்லன் முகில், 1,60,000 ஒளியாண்டு தூரத்திலுள்ள தனிக் கலக்ஸி. லண்டனில் இருந்து ஆவணப்படம் எடுக்கிறவர் தன் வீட்டு முற்றத்தில் நின்று அதை ஒருநாளும் பார்க்க முடியாது, அங்கே அது உதிப்பதேயில்லை. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். தைப் பனி விழும், தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். தெற்கே மரம் மறைக்காத இடம் வேண்டும், வயல்வெளி போதும். குளக்கட்டு இன்னும் நல்லது, ஆனால் யானை ஏறும் கட்டென்றால் வேண்டாம், வயலோடு நின்றுகொள்ளுங்கள்.